வளர்ப்புக் கூலிக்கு உருவங்கள்

பல்லடத்தைச் சுற்றிக் கறிக்கோழி வளர்ப்பவர்களுக்கு இந்த ஏற்பாடு தெரியும். குஞ்சு, தீனி, மருந்து மூன்றும் கம்பெனிக்காரருடையவை. கொட்டகை, தண்ணீர், உழைப்பு விவசாயியுடையவை. கோழி எடைக்கு வந்ததும் கம்பெனி லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும். விவசாயிக்குக் கிலோக் கணக்கில் வளர்ப்புக் கூலி கிடைக்கும். கோழி ஒரு நாளும் அவருடையதாக இருப்பதில்லை. என் அக்காவின் கணவர் இப்படிக் குஞ்சு இறக்கும் சிறு கம்பெனி ஒன்றை நடத்திவந்தார். தொண்ணூறுகளின் கடைசியில் இதே ஏற்பாட்டைத் தூக்கிக்கொண்டுபோய்க் கம்ப்யூட்டருக்குள் வைத்தார். அது வேறு தொழில் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

எனக்கு மச்சானைப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. ஆனாலும் துடியலூரில் அவர்கள் வீட்டு மாடியறையில்தான் நான் இருந்தேன். ஊருக்குள் ஒரு தினசரியில் செய்தி மேசையில் வேலை. பிற்பகலில் கிளம்பினால் போதும். காலை நேரம் சும்மா கிடக்கிறது என்பது மச்சானின் கண்ணை உறுத்தியது. வாடகை கேட்டதில்லை. அதற்குப் பதிலாக இங்கிலீஷ் கேட்டார். வெளிநாட்டுக்குப் போக வேண்டிய கடிதங்களை எல்லாம் நான்தான் எழுதினேன்.

கம்ப்யூட்டருக்குள் ஓர் ஊர் இருப்பதை அவருக்குக் காட்டியவர், அமெரிக்காவில் வேலை பார்த்த அவருடைய சித்தப்பா மகன். விடுமுறைக்கு வந்தபோது மடியில் வைக்கும் கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து, டெலிபோன் வயரைச் செருகித் திறந்து காட்டினார். திரையில் ஒரு தெரு. ஊதா நிற வானம், நடுவில் ஒரு நீரூற்று. தெருவில் பொம்மை மாதிரி மனித உருவங்கள் நின்றன. ஒவ்வோர் உருவத்துக்குப் பின்னாலும் எங்கோ ஒரு நாட்டில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார். அவர் தட்டெழுதுவது உருவத்தின் தலைக்கு மேல் ஒரு கூண்டுக்குள் எழுத்தாக வரும். மாதக் கட்டணம் கட்டினால் நமக்கும் ஓர் உருவம். அங்கே இருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அந்த ஊர்க் காசு கொஞ்சம் சேரும். அதைப் போட்டால் தெருவோர இயந்திரங்களில் சட்டை நிறம், நாற்காலி, செடி, தலை எல்லாம் வாங்கலாம். தலை தனிச் சரக்கு. கழற்றலாம், கையில் வைத்துக்கொள்ளலாம், இன்னொருவருக்குக் கொடுக்கலாம். சில தலைகளை ஒரு பருவத்துக்கு மட்டும் விற்றுவிட்டு நிறுத்திவிடுவார்கள். அப்படி நின்றுபோன தலைக்கு, ஊருக்கு வெளியே நிஜ டாலர் கொடுக்கவும் ஆட்கள் இருந்தார்கள்.

எல்லாவற்றையும் கேட்ட மச்சான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“சும்மா நின்னுட்டு இருந்தாலே காசு ஏறுமாப்பா?”

“ஏறுமுங்கண்ணா.”

“அப்பத் தீனிச் செலவு கெடையாது,” என்றார்.

மேட்டுப்பாளையம் ரோட்டில் அவருக்கு ஒரு தீனிக் கோடவுன் இருந்தது. அதன் மேல் அறையில் நான்கு கம்ப்யூட்டர்களை இறக்கினார். கீழே மக்காச்சோளமும் புண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் மூட்டை மூட்டையாக இருந்தன. அந்த வாடை மேலே குளிர்சாதனம் போட்ட அறைக்குள்ளும் நின்றது. உருவங்களுக்கான கட்டணம் சித்தப்பா மகனின் அட்டையில் அமெரிக்காவிலேயே கழிந்தது. உருவங்களின் பெயர்களைச் சொல்லச் சொல்ல மச்சானுக்கு வாயில் நுழையவில்லை. கொட்டகைகளைச் சொல்வது போல ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர் என்றார். ஓர் உருவம் கொஞ்சம் பொருள் சேர்த்து ஆளான பிறகு அதை மொத்தமாக விற்பதற்கு ‘லிஃப்டிங்’ என்று பெயர் வைத்தார். கோழி ஏற்றுவதற்கும் அதே சொல்தான்.

உட்கார மூன்று பெண்களை வைத்தார். மூவரும் பட்டம் வாங்கியவர்கள், இங்கிலீஷ் தட்டெழுதத் தெரிந்தவர்கள். அமெரிக்காவில் சாயங்காலம் என்றால் நமக்கு விடியற்காலை. ஆகவே முதல் பஸ்ஸில் வந்துவிட வேண்டும். சேரும்போதே மூவரிடமும் அசல் மார்க் ஷீட்டையும் பட்டச் சான்றிதழையும் வாங்கி வீட்டு பீரோவில் வைத்துக்கொண்டார். பாதியில் ஓடிவிடாமல் இருக்க அந்தக் காலத்தில் கோயமுத்தூரின் சிறு கம்பெனிகள் பல செய்த காரியம்தான் இது. யாரும் அதைத் தப்பு என்று சொன்னதில்லை. எங்கள் பத்திரிகையும் அதை எழுதியதில்லை.

அந்த ஊரைப் பற்றி நான் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் பார்த்த ஊர்களிலேயே இவ்வளவு கும்பிடு போட்டுக்கொண்டு இவ்வளவு திருடிய ஊர் வேறில்லை. எல்லாரும் எல்லாருக்கும் வணக்கம் சொன்னார்கள், நலம் விசாரித்தார்கள். புதிதாக வந்தவரிடம் ஒருவர் நெருங்கி, “உங்கள் தலை அழகாக இருக்கிறது, கழற்றிக் காட்டுங்களேன்” என்பார். கழற்றிக் கீழே வைத்த கணத்தில் எடுத்துக்கொண்டு மறைந்துவிடுவார். தலையில்லாத உருவம் தெருவில் நின்று அழுகை எழுத்துகளைத் தட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் நிற்பவர்கள் அனுதாபம் சொல்லிவிட்டு நாற்காலி விலை பேசப் போய்விடுவார்கள். வளர்ந்த மனிதர்கள், பிள்ளை பெற்றவர்கள், வேலை முடிந்து வந்து இதைச் செய்தார்கள். முதல் வாரத்துக்குப் பிறகு எனக்கு அந்தத் திரையைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

மச்சானின் முதல் உத்தரவு, யாரோடும் பேச்சு வேண்டாம் என்பது. ஆனால் அசையாமல் நிற்கும் உருவத்தை அந்த ஊர் கொஞ்ச நேரத்தில் வெளியே தள்ளிவிடும். பேசித்தான் ஆக வேண்டும். இரண்டு பெண்கள் பேருக்கு வானிலை பேசினார்கள். மூன்றாவது பெண் நன்றாகவே பேசினார்.

அவர் பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து வருபவர். கணக்கில் பட்டம். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். அப்பா வேலை பார்த்த மில் மூடிக் கிடந்தது. அதிகம் சிரிக்காதவர். என்னோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை, அதில் எனக்கும் குறையில்லை. அந்தத் திருட்டு ஊரில் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். இரண்டு பேர் பொருள் மாற்றிக்கொள்ளும்போது, யார் முதலில் கொடுப்பது என்பதுதான் பயம். இவர் நடுவில் நின்றார். இருவரும் பொருளை இவரிடம் கொடுப்பார்கள். இரண்டும் வந்த பிறகு இவர் மாற்றிக் கொடுப்பார். தரகு கேட்கவில்லை. சில மாதங்களில், நீரூற்றுக்குப் பக்கத்தில் அவருடைய உருவம் எங்கே நிற்கும் என்பது அந்தத் தெருவுக்கே தெரிந்திருந்தது.

அவர்களில் சிலர் சேர்ந்து அவருக்கு ஒரு தலை வாங்கிக் கொடுத்தார்கள். வளைந்த கொம்புகள் வைத்த நீல நிற ஆட்டுத்தலை. ஒரே பருவம் விற்று நின்றுபோன சரக்கு. அதன் பிறகு அவர் அதைக் கழற்றவில்லை. மச்சான் அன்று படியேறி வந்து திரையைப் பார்த்துவிட்டு, “கறிக்கடையில காலோட சேத்திக் குடுக்கறான், இதுக்குப் போயி டாலரா?” என்றார். அந்த டாலர் எவ்வளவு என்று என்னிடம் விசாரிக்கச் சொன்னார். தெரிந்த பிறகு கேலி நின்றது.

அந்த ஊரை நடத்திய கம்பெனியிலிருந்து அந்தப் பெண்ணுக்கு ஒரு கடிதம் வந்தது அதற்குப் பிறகுதான். ஊர்க்காரர்களின் புகார்களைக் கேட்டுத் தீர்க்க உதவியாளர்களை எடுக்கிறோம், சம்பளம் உண்டு, எந்த நாட்டிலிருந்தும் வேலை பார்க்கலாம், ஊரார் உங்கள் பெயரைச் சொன்னார்கள், இன்ன நாளில் அந்த ஊரில் இருக்கும் எங்கள் கூடத்துக்கு உங்கள் உருவத்தில் வந்து பேசுங்கள் என்று எழுதியிருந்தது. கடிதத்தின் இங்கிலீஷில் சந்தேகம் இருக்கிறதா என்று பார்க்க என்னிடம் கொடுத்தார். சந்தேகம் இல்லை, உண்மையான வேலை என்றேன். அன்றுதான் கொஞ்சம் பேசினார். உடுமலையில் தாய்மாமனுக்கு அவரைக் கட்டிக்கொடுக்கப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவருக்கு அதில் இஷ்டமில்லை. நிலையான சம்பளம் ஒன்று வீட்டுக்கு வந்தால் அப்பா அந்தப் பேச்சை விட்டுவிடுவார். வராவிட்டால் தை மாதம் கல்யாணம். மச்சானிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நான் சொல்லவில்லை.

ஆனால் அதே வாரம் மச்சானுக்கும் ஒரு கடிதம் வந்தது. அமெரிக்காவில் ஒருவர் அந்த ஆட்டுத்தலை உருவத்தை வாங்கிக்கொள்வதாக எழுதியிருந்தார். தலை மட்டும் அல்ல, உருவமே வேண்டும். அதைத் திறக்கும் ரகசியச் சொல் வேண்டும். கை மாறியது யாருக்கும் தெரியக் கூடாது. இதுவரை ஓட்டியவர் இனி வாய் திறக்கக் கூடாது.

செய்தி மேசையில் உட்கார்ந்தவனுக்கு, ஒரு கடிதத்தில் தேவைக்கு மேல் இருக்கும் வாக்கியம்தான் முதலில் கண்ணில் படும். தலைக்கு ஆசைப்படுகிறவருக்கு ரகசியம் எதற்கு? அவர் வாங்க நினைத்தது தலையை அல்ல. பயப்படாமல் பொருளைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிற ஊராரை. ஒரே காலைப் பொழுதில் பத்துப் பேரின் சொத்தை வாங்கிக்கொண்டு மறைந்துவிடலாம். இதை மச்சானிடம் சொன்னேன்.

“வாங்குனவன் வறுத்துத் திம்பானோ கொழம்பு வெப்பானோ, நமக்கென்ன மாப்ள?” என்றார். “பேட்ச் முடிஞ்சுது. ஏத்தி உட்டற வேண்டியதுதான்.”

அன்று காலையே மேலே போய் அந்தப் பெண்ணிடம் ரகசியச் சொல்லைக் கேட்டார். நான் வாசற்படியில் நின்றேன். மற்ற இரண்டு பெண்களும் திரையை விட்டுத் தலையைத் திருப்பவில்லை. ஆனால் யாருடைய விரலும் அசையவில்லை. அந்தப் பெண் தனக்கு வந்த வேலையைப் பற்றிச் சொன்னார். அந்த நாள் முடிகிற வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள், அதன் பிறகு உருவத்தை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று கேட்டார். கேட்ட விதத்தில் கெஞ்சல் இல்லை. மச்சானுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

“என்ற லைனு, என்ற கம்ப்யூட்டரு, என்ற கட்டணம். நீ கூலிக்கு வளத்த. வளத்துக் குடுத்த கோழிய, நாள் கழிச்சுத்தான் தருவேங்கற பண்ணைக்காரன நான் பாத்ததில்ல அம்மணி.”

“அந்த ரகசியச் சொல்லு எனக்கு மட்டுந்தானுங் தெரியும்.”

“அமெரிக்காவுல என்ற தம்பி ஒரு போன் அடிச்சான்னா புதுச் சொல்லுப் போட்டுக் குடுத்துருவாங்க. உன்ற மார்க் ஷீட்டுக்கு எவன் புதுசு போட்டுக் குடுப்பான்?”

அந்தப் பெண் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, என்னைத் தாண்டிப் படியிறங்கிப் போனார். மச்சான் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். திரையில் யாரோ ஆட்டுத்தலைக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் சுவிட்சை அணைத்தார்.

மச்சானுக்கு ரகசியச் சொல் ஒரு பொருட்டல்ல. அது எப்படியும் கிடைத்துவிடும். அவருக்கு வேண்டியது அந்தப் பெண்ணின் மௌனம். இது கை மாறிவிட்டது என்று ஊரில் ஒருவரிடம் அவர் சொல்லிவிட்டால் விற்பனை போச்சு. மௌனத்துக்கு விலை பீரோவுக்குள் இருந்தது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லி ஆளனுப்பினார்.

வந்தார்கள். அப்பா சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். மகளிடம் தணிந்த குரலில் தெலுங்கில் ஏதோ சொன்னார். விட்டுவிடு, சர்ட்டிஃபிகேட்டை வாங்கிக்கொண்டு போவோம் என்பதாக இருக்கலாம். மச்சான் கோழி வளர்ப்பு ஒப்பந்தத்தை முதலிலிருந்து விளக்கினார். மில் தொழிலாளியான அந்த அப்பா அதைப் பொறுமையாகக் கேட்டு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் “சரீங்” என்றார். என் அக்கா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சமையலறை வாசலில் நின்றாள்.

அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டுப் பேசினார்.

“உருவத்த எடுத்துக்குங். சொல்லும் தந்தர்றேன். யார்கிட்டயும் நான் ஒரு வார்த்த சொல்லமாட்டேனுங். அந்தத் தலைய மட்டும் எனக்குக் குடுத்துருங்.”

“தலை எதுக்கு? தலையும் என்ற காசுல நின்னதுதான.”

“இல்லீங். அது அவிய எனக்குக் குடுத்தது. உங்க காசுல வாங்குனது நாக்காலியும் செடியுந்தானுங். அதெல்லாம் அங்கயே இருக்குது.”

மச்சான் சிரித்தார். கோழி மேய்ச்சலில் பொறுக்கித் தின்ற புழுவுக்குக் கணக்குப் பார்ப்பாயா என்று கேட்டார். அப்போது அக்கா வாசலில் நின்றபடியே பேசினாள். வெளியாட்கள் இருக்கும்போது அவள் குறுக்கே பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

“என்ற அப்பன் சீர் குடுத்த மாட்ட, இந்த ஊட்டுத் தீனியத் தின்னுதுன்னு சொல்லித்தானுங்க வித்துப்போட்டீங்க. அந்தக் காசுலதான் மொதக் கொட்டாய்க்குக் கூரை போட்டீங்க. அன்னைக்கு நான் வாயத் தொறக்கல.”

அந்த அப்பா காப்பித் தம்ளரைத் தூக்கியவர் அப்படியே வைத்துவிட்டார்.

“சீர்ல வந்தது வாங்குனவளுது,” என்றாள் அக்கா. “அந்தப் புள்ளைக்கு வந்தத அதுகிட்டக் குடுங்க.”

எங்கள் பக்கத்தில் ஒருவன் பங்காளியின் வரப்பை வெட்டலாம், கோர்ட்டுக்கு இழுக்கலாம், அதைச் சந்தையில் சொல்லிக்கொள்ளவும் செய்யலாம். பெண்டாட்டியின் சீரை விற்றுத் தொழில் தொடங்கினான் என்பதை, வேற்றாள் முன்னால், அதுவும் வேறு சாதிக்காரர் முன்னால், கேட்டுக்கொண்டு உட்கார முடியாது. மச்சானின் காது மடல் சிவந்தது. அவருக்கு அந்தப் பேச்சு உடனே முடிய வேண்டியிருந்தது. தொழில்காரராக அவர் செய்த ஒரே தப்பான வியாபாரம் அதுதான் என்று நினைக்கிறேன். அதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டு செய்தார்.

“சரி, ஆட்டுத்தலைய வெட்டி எடுத்துட்டுப் போகச் சொல்லு,” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எழுந்தார். என்னைப் பார்த்து, தலை இல்லாமல் உருவத்துக்கு என்ன விலை என்று அந்த ஆளிடம் கேட்டு எழுதச் சொன்னார்.

அந்த ஆள் விலையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு சம்மதித்தார். பெயர்தான் முக்கியம் என்று எழுதியிருந்தார். அவர் அந்த ஊரில் எத்தனை நாள் இருந்தாரோ தெரியாது. மச்சானைப் போலவே அவரும் ஏட்டில் இருப்பதை வைத்துக் கணக்குப் போட்டவர்.

மறுநாள் காலை அந்தப் பெண் வந்தார். தலை வாங்கிக் கொடுத்தவர்களில் ஒருவரான, கனடாவில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சரின் உருவம் நீரூற்றுக்குப் பக்கத்தில் காத்திருந்தது. இவர் ஆட்டுத்தலையைக் கழற்றி அந்த உருவத்தின் கையில் கொடுத்தார். இயந்திரத்தில் இலவசமாகக் கிடைக்கும் மொட்டைத் தலை ஒன்றை எடுத்து மாட்டினார். ரகசியச் சொல்லை ஒரு தாளில் எழுதி என் பக்கம் நகர்த்தினார். நான் மார்க் ஷீட்டுகள் இருந்த கவரைக் கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றையும் வெளியே எடுத்துப் பார்த்து, மடிப்பு விழுந்திருந்த ஒன்றை நீவிவிட்டு உள்ளே வைத்துக்கொண்டார். எனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சங்கடமாக இருந்திருக்கும்.

பிறகு நடந்ததை, அங்கே தொடர்ந்து உட்கார்ந்திருந்த காமர்ஸ் படித்த பெண் தன் திரையில் பார்த்துவிட்டு எனக்குச் சொன்னார். கவுண்டம்பாளையத்துக்காரர், மூவரில் இளையவர். ஒரு காலை, விற்கப்பட்ட உருவம் மொட்டைத் தலையோடு நீரூற்றுக்குப் பக்கத்தில் வழக்கமான இடத்தில் வந்து நின்றது. பழைய பெயர், பழைய சட்டை. வந்தவர்களிடம் எல்லாம் பொருளைக் கொடுங்கள், மாற்றித் தருகிறேன் என்றது. அதே நேரத்தில் தெருவின் மறு கோடியிலிருந்து புதுப் பெயரில் ஓர் உருவம் நடந்து வந்தது. அதன் தோளில் நீல ஆட்டுத்தலை. அது எதுவும் பேசவில்லை. கூட்டம் முழுவதும் அதன் பக்கம் திரும்பியது. பெயரைப் பார்க்க வேண்டுமென்றால் உருவத்தின் மேல் தொட்டுத் திறந்து பார்க்க வேண்டும். முகத்தைப் பார்க்க ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. மொட்டைத் தலையிடம் அன்று ஒருவர் கூட ஒரு நாற்காலியைக் கொடுக்கவில்லை.

புது உருவத்துக்குக் கட்டணம் கட்டியது அந்தக் கனடா டீச்சர். காந்திபுரத்தில் புதிதாகத் திறந்திருந்த ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அந்தப் பெண் அதை ஓட்டியிருக்கிறார். சொன்ன நாளில் கூடத்துக்குப் போய்ப் பேசினார். பெயர் மாறியதைக் கம்பெனிக்காரர்கள் கேட்டார்கள், விளக்கம் சொன்னார், வேலை கிடைத்தது. உடுமலைப் பேச்சு நின்றது. இதெல்லாம் எனக்கு நேரடியாகத் தெரிந்ததல்ல. அவருடைய அப்பா ஒரு நாள் தீனிக் கோடவுன் வாசலில் என் அக்காவைப் பார்த்துக் கும்பிட்டுச் சொல்லிவிட்டுப் போனார். மச்சான் உள்ளே மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழும்படியாகத்தான் அந்த அப்பா சொன்னார்.

வாங்கியவர் பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதினார். உயிரோடு ஏற்றிவிட்ட கோழிக்குப் பிறகு பொறுப்பில்லை என்று மச்சான் சொன்னதை நான் நாகரிகமான இங்கிலீஷில் எழுதினேன். அடுத்த கடிதம் கெட்ட வார்த்தைகளில் வந்தது. அதை மொழிபெயர்க்கச் சொன்னார். முழுவதும் மொழிபெயர்த்தேன். அந்த மாதத்தில் எனக்குச் சந்தோஷம் கொடுத்த வேலை அது ஒன்றுதான்.

ஒரு விடியற்காலை, எங்கள் அறையில் இருந்த ஓர் உருவம் கூடத் திறக்கவில்லை. ஒருவர் பல உருவங்களை விற்பனைக்கு வளர்ப்பது விதிக்கு விரோதம், எல்லாம் மூடப்பட்டன என்று ஒரு வரி மட்டும் வந்தது. அந்த விதி முதல் நாளிலிருந்தே இருந்தது. எங்களில் யாரும் அதைப் படிக்கவில்லை. சேர்த்து வைத்திருந்த தலைகள், செடிகள், ஊர்க்காசு எல்லாம் அதோடு போயிற்று. மச்சான் கம்ப்யூட்டர்களைத் தீனி லாரியிலேயே ஏற்றி ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு விற்றார். மற்ற இரண்டு பெண்களின் சான்றிதழ்களை அக்கா பீரோவிலிருந்து எடுத்து, அவரைக் கேட்காமல் கொடுத்தனுப்பினாள். அதற்கு வீட்டில் நடந்த சண்டையை நான் மாடியிலிருந்து கேட்டேன். இறங்கிப் போகவில்லை.

யார் சொல்லி மூடினார்கள் என்பதில் மச்சானுக்குச் சந்தேகமே இல்லை. “உப்பத் தின்னுட்டு உளவு சொன்னவ” என்று பல்லடத்திலும் தாராபுரத்திலும் கோழிக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. பணம் இழந்த அமெரிக்காக்காரர் எழுதியிருக்கலாம் என்றுதான் நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து, டவுனுக்குப் போகும் பஸ்ஸில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தார். நான் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னைப் பார்த்தார், ஒரு முறை தலையசைத்தார், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கவுண்டம்பாளையத்தில் அந்தக் காமர்ஸ் பெண் ஏறினார். தோளில் சாப்பாட்டுப் பை. ஒரு பனியன் கம்பெனியின் டவுன் ஆபீசில் பில் போடும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார், முந்தைய சம்பளத்தில் பாதிக்கு. அந்தப் பெண்ணுக்குப் பக்கத்து இடம் மட்டும்தான் காலியாக இருந்தது. உட்கார்ந்தார்.

“ஏனுங்க்கா,” என்றார் கொஞ்ச தூரம் போன பிறகு, “நீங்கதான் சொன்னீங்களா?”

“கேட்டாங்க.”

“கேட்டா?”

“அங்க பேசப் போன அன்னைக்கே கேட்டாங்க. இப்பிடி வளத்து விக்கறவங்கள உனக்குத் தெரியுமான்னு. தெரியாதுன்னு சொல்லிப்போட்டு அந்த வேலைக்கு எப்பிடிப் போறது? சொன்னேன்.”

“எங்களையுமா?”

“உங்க பேரெல்லாம் எதுக்குச் சொல்றேன்? அந்த ரூம்பு உருவங்களோட பேரத்தான் சொன்னேன்.”

கண்டக்டர் வந்தார். காமர்ஸ் பெண் சில்லறையை எண்ணிக் கொடுத்து டிக்கெட்டை வாங்கி, பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.

“அதுல ரெண்டு நானுங்க்கா,” என்றார். “ஒரு வருசம் பேசியிருக்கறேன் அங்க. எனக்கும் ஆளுக இருந்தாங்க. நீங்க ஒருத்தருக்காவது போயிட்டு வாரேன்னு சொல்ல உட்டீங்களா?”

மற்றவர் ஜன்னல் கம்பியில் வைத்திருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். காமர்ஸ் பெண் எழுந்து வந்து, எனக்கு முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த இடம் காந்திபுரம் வரைக்கும் காலியாகவே இருந்தது. நான் உட்காரவில்லை.